உக்கிராண அறையின் சாவி

கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மணமேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, என் அப்பா மட்டும் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறை வாசலில் ஒரு மர ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே அரிசி மூட்டை, எண்ணெய் டின், துவரம்பருப்பு, வெல்லம், தேங்காய், இலைக்கட்டு. அந்த அறைக்கு உக்கிராணம் என்று பெயர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களுக்கும் அது உக்ராணம்தான். தெலுங்கு வீடுகளிலும் அப்படியே. மூன்று பாஷையும் கலந்து புழங்குகிற எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஆனால் ஊரில் எந்தச் சாதி, எந்த மதத்து வீட்டில் விசேஷம் என்றாலும் உக்கிராணச் சாவியை அவரிடம்தான் கொடுப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது. வேட்டி மடிப்பில் சாவியும், சட்டைப் பையில் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் இருக்கும். சமையல்காரர் வந்து பத்துப் படி அரிசி கேட்டால் பத்துப் படியும் மேலே ஒரு கைப்பிடியும் அளப்பார். அந்தக் கைப்பிடியையும் எழுதிக்கொள்வார். "பந்தியில உக்காந்தவன் காதுல 'இல்ல'ங்கற சொல்லு விழக்கூடாது" என்பார். அதே அப்பா, எங்கள் அத்தை ஒருத்தி முந்தானையில் கொஞ்சம் வெல்லம் கேட்டு நின்றபோது அசையவில்லை. "சாவிதான் நம்மளுது. சரக்கு அவங்களுது" என்று சொல்லிவிட்டார். அத்தை ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இன்னொன்றும் செய்வார். சாவியை வாங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்பார்: "பின்வாசல்ல வர்றவங்களுக்கும் உண்டுதானே?" வீட்டுக்காரர் தலையாட்டிய பிறகுதான் சாவி கை மாறும். மண்டபத்தின் பின்பக்கம் தூக்குவாளியோடு நிற்கிறவர்களுக்கு அப்புறம் யாரும் குறை வைக்க முடியாது. கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும்போது, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து நோட்டைச் சத்தமாக வாசிப்பார். மிச்சம் அரை மூட்டை அரிசி, பதினாலு தேங்காய், ஒரு டின்னில் கால்வாசி எண்ணெய். ஒப்படைத்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்காருவார். பல நாள் ரசமும் அப்பளமும்தான் மிஞ்சியிருக்கும்.

சின்ன வயதில் கோயிலில் அந்த வசனத்தை வாசிக்கக் கேட்டபோது, வேதத்தில் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறது என்றே நினைத்தேன். "உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்." பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம், நாலாம் அதிகாரம். எந்த ஞாயிற்றுக்கு எந்த வேதபகுதி என்று வகுத்த பழைய ஓராண்டுப் பாட வரிசையில், கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன காலத்து மூன்றாம் ஞாயிற்றின் நிருப வாக்கியம் அது. திருச்சபை ஆண்டு தொடங்கி மூன்றாவது வாரமே உக்கிராணக்காரன் வந்து நிற்கிறான். இன்றைக்குப் பல சபைகள் மூன்றாண்டுச் சுழற்சிக்கு மாறிவிட்டன. என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய ஜெபப் புத்தகம். அதன் வரிசையில்தான் என் வருஷம் இன்னும் நடக்கிறது.

எங்கள் பக்கத்து லுத்தரன் சபைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் லுத்தரன் சபைகளில் ஒன்றான மிசூரி சினாட் இந்தியாவுக்கு அனுப்பிய முதல் மிஷனரிகளான நேத்தரும் மோனும் 1895-இல் வந்த பிறகு, அந்த ஊழியம் வேர் பிடித்த முதல் இடங்களில் கிருஷ்ணகிரி ஒன்று. அந்த வழியில் வந்தவர்களுக்கு லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகம் மனப்பாடம். அதில் கர்த்தருடைய ஜெபத்தில் வரும் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரம்' என்ற விண்ணப்பத்துக்கு விளக்கம் வரும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆகாரம் என்றால் சோறு மட்டும் இல்லை. துணி, செருப்பு, வீடு, வயல், ஆடுமாடு, நல்ல அரசு, நல்ல மழை, நல்ல அயலான் வரைக்கும் அந்த மனுஷர் அடுக்கிக்கொண்டே போகிறார். அயலானும் ஆகாரம்! அப்பா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

பெரியவளான பிறகு நான் கேட்ட உக்கிராணத்துவப் பிரசங்கங்களில் இந்த அகலம் இல்லை. அந்தத் தலைப்பு வந்தால் மல்கியா மூன்றாம் அதிகாரம் வரும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் வரும். அடுத்த வாரம் காணிக்கைக் கவர் வரும். சபைக்குப் பணம் தேவைதான். கோயில் கூரை தானாகச் செப்பனிட்டுக்கொள்ளாது. நானே ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எண்ணுகிற மேசையில் உட்காருகிறவள். ஆனால் அந்த வசனத்தையே முழுசாகப் படித்துப் பாருங்கள்: "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படித் தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்." பண்டசாலை என்பதும் உக்கிராணம்தான். உள்ளே போவது வெளியே பந்திக்கு வருவதற்காக. நெகேமியா புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், லேவியர்களுக்குப் பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள் என்று வருகிறது. நெகேமியா உடனே பண்டசாலைகளுக்கு ஆள் நியமிக்கிறார். எப்படிப்பட்டவர்களை? உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்களை. அவர்கள் வேலை சகோதரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. பேதுருவும் இதையேதான் சொல்கிறார்: "ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல." சேர்க்கிறவன் என்று அவர் எழுதவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த நான் செய்த காரியத்தை இனி சொல்ல வேண்டும்.

அப்பா எங்களுக்கு விட்டுப்போனது காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. அண்ணனுக்கும் எனக்கும் பொது. 64 மரம். பாதிக்கு மேல் தோத்தாபுரி. மீதி செந்தூரா, நீலம், பங்கனப்பள்ளி. கிணற்றோரம் நாலு மல்கோவா. தமிழ்நாட்டில் மா அதிகம் விளைகிற மாவட்டம் எங்களுடையது. தோத்தாபுரியைப் பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகள் வாங்குகின்றன. 1992 முதல் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. அப்பா எங்களைக் கூட்டிப் போய் ஒவ்வொரு ரகத்தின் பெயரையும் வாசிக்கச் சொல்வார்.

மல்கோவா அவர் கையால் நட்டது. ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே பூ வைக்கும். அப்பா அந்தப் பூங்கொத்துகளைக் கிள்ளி எறிந்தார். நான் அழுதேனாம். "வேதத்துலயே இருக்கு பாப்பா" என்று லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தைக் காட்டினார். கனிமரம் நட்டால் மூன்று வருஷம் அதன் கனியைத் தொடக்கூடாது, நாலாம் வருஷத்துக் கனி கர்த்தருக்குப் பரிசுத்தம், ஐந்தாம் வருஷம்தான் உனக்கு. தோட்டக்கலைக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: முதல் மூன்று வருஷத்துப் பூவைக் கிள்ளிவிட்டால் மரம் தன் பலத்தை வேருக்கும் கிளைக்கும் போடும். மோசே ஒட்டுக்கன்று வைத்தாரா என்று யாரும் கேட்கலாம். எனக்கு அந்த வசனத்தில் தெரிவது பொறுமை. மரம் தரத் தயாராக இருக்கிறது என்பதாலேயே வாங்கிக்கொள்ளக்கூடாது.

மாமரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தோத்தாபுரியும் நீலமும் வருஷா வருஷம் காய்க்கும். மல்கோவா, பங்கனப்பள்ளி, அல்போன்சா போன்றவை ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் ஓய்வு எடுக்கும். யாத்திராகமம் ஏழாம் வருஷத்தில் நிலத்தைச் சும்மா கிடக்க விடச் சொல்கிறது. திராட்சத்தோட்டத்தையும் ஒலிவத்தோப்பையும் அப்படியே விடச் சொல்கிறது. எளியவன் தின்னட்டும், மீதியை வெளியின் ஜந்துக்கள் தின்னட்டும் என்கிறது. மல்கோவாவுக்கு அந்தக் கட்டளை வாசிக்காமலே தெரியும்.

2022-ஆம் வருஷக் கடைசியில், சரியாக ஆகமன காலத்தில், குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் பக்கம் பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். மருந்து, காவல், பறிப்பு எல்லாம் அவர் செலவு. நமக்கு மொத்தமாக ஒரு தொகை. அவர் ஒரே வருஷத்துக்குக் கேட்கவில்லை. "மூணு வருசத்துக்கா குடுங்க டீச்சர். ஒரே கையா பணம் தர்றேன். ஓய்வு வருசம்லாம் நமக்குக் கெடையாது, மருந்து வெச்சிருவோம், பூ தானா வரும்."

அந்த மருந்து என்னவென்று எனக்குத் தெரியும். பாக்லோபூட்ரசால். மரத்தடியில் மண்ணில் ஊற்றுவார்கள். மரம் தளிர் விடுவதை அடக்கிப் பூவுக்குத் தள்ளும். அளவாக, எருவும் தண்ணீரும் கொடுத்து வைத்தால் தாங்கும். வருஷா வருஷம் அளவு மீறி வைத்தால் கிளை குட்டையாகும், பூங்கொத்து குறுகும், மண்ணிலும் அது லேசில் போகாது. மூன்று வருஷத்துக்குப் பிறகு போய்விடுகிற குத்தகைக்காரர் நாலாம் வருஷத்து மரத்தைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்? யோசிக்க வேண்டியவள் நான். மகளின் கல்லூரிக் கட்டணம் கண் முன்னால் நின்றது. அண்ணனிடம் போனில் கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். எந்த நிபந்தனையும் எழுதவில்லை.

அந்தப் பணத்தில் தசமபாகம் கொடுத்தேன். சபையில் என் பெயரை வாசித்தார்கள். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மூன்று வருஷம் மரத்தைக் கசக்கப் போகிற காசில் பத்தில் ஒன்றை எடுத்து மரத்தைப் படைத்தவருக்கே கொடுத்துவிட்டு, உக்கிராணக் கணக்கு நேராகிவிட்டது என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் வருஷம் காய்த்துக் கொட்டியது. ஓய வேண்டிய மல்கோவாவும் இரண்டாம் வருஷம் மறுபடி காய்த்தது. மே மாதக் கோடை மழையில் காற்றடித்துக் காய் உதிரும். அப்பா காலத்தில் உதிர்ந்த காயைப் பொறுக்கப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் கூடையோடு வருவார்கள். அது அவர்கள் பங்கு. "சிந்திக்கிடக்கிற பழங்களைப் பொறுக்காமலும், அவைகளை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடுவாயாக." குத்தகைக்காரர் காவலுக்கு ஆள் போட்டிருந்தார். உதிர்ந்த காயும் ஊறுகாய்க்கு எடை போட்டுப் போயிற்று. ஒரு நாள் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்தேன். காவலாளி என்னைப் பார்த்தார். தோப்பு இப்போது என் கையில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். "பின்வாசல்ல வர்றவங்களுக்கும் உண்டுதானே?" என்று சாவி கை மாறும் முன் கேட்க வேண்டியிருந்தது. நான் கேட்கவில்லை.

மூன்றாவது பருவம் 2025. அந்த வருஷம் தோத்தாபுரி விலை விழுந்தது மாவட்டம் முழுக்கத் தெரியும். கிலோ 5 ரூபாய்க்குக்கூட எடுக்க ஆளில்லை; பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது. பல தோப்புகளில் காய் மரத்திலேயே பழுத்து விழுந்து அழுகியது. எங்கள் தோப்பிலும் அப்படித்தான். குத்தகைக்காரர் பறிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது. என்னைவிட அதிகம் இழந்தவர் அவர்.

ஆகஸ்டு 17. திரித்துவத் திருநாளுக்குப் பின் வரும் ஒன்பதாம் ஞாயிறு. பலிபீடத்தில் பச்சைத் துணி. திருச்சபை ஆண்டில் பண்டிகை இல்லாத நீண்ட பச்சைக் காலம் அது. எங்கள் ஊரில் மாங்காய்ப் பருவம் முடிந்து எல்லாரும் கணக்கு முடிக்கிற நேரமும் அதுவே. ஆராதனை முடிந்து தோப்புக்குப் போனேன். தரையெல்லாம் கொட்டை, ஈ, புளித்த வாசனை. கிணற்றோரத்து மல்கோவாவில் ஒன்று நுனியிலிருந்து காய்ந்து வந்திருந்தது. கிளைகள் குட்டை குட்டையாக, முடிச்சு விழுந்த விரல் மாதிரி. பட்டையில் பிசின். அதன் அடியில் உட்கார்ந்து அப்பாவின் புத்தகத்தைத் திறந்தேன். அன்றைய சுவிசேஷ வாக்கியம் லூக்கா பதினாறு. எஜமான் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்:

"உன்னைக்குறித்து நான் இப்படிக் கேள்விப்படுகிறதென்ன? உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி."

எத்தனையோ முறை வாசித்ததுதான். அன்றைக்குத்தான் குற்றச்சாட்டு என்னவென்று கவனித்தேன். அவன் திருடினான் என்று சொல்லவில்லை. எஜமானுடைய ஆஸ்திகளை "அழித்துப்போடுகிறதாக" சொல்லப்பட்டது. இதற்கு முந்தின அதிகாரத்தில் இளைய குமாரன் தூர தேசத்துக்குப் போய்த் தன் ஆஸ்தியை "அழித்துப்போட்டான்". அதே சொல். கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினை என்கிறார்கள். இளைய குமாரன் கதை எல்லாருக்கும் பிடிக்கும். இந்த உக்கிராணக்காரன் கதையைப் பிரசங்கிக்கப் போதகர்களே தயங்குவார்கள். லூக்கா இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார். ஒருவன் வெளியூரில் அழித்தான், மற்றவன் வீட்டுக்குள்ளேயே சாவியோடு உட்கார்ந்து அழித்தான். எனக்கு இரண்டாமவனைத்தான் தெரியும்.

அவன் அதற்குப் பிறகு செய்ததுதான் எல்லாரையும் குழப்புகிற இடம். எஜமானிடம் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்று எழுது, நூறு கலம் கோதுமையை எண்பது என்று எழுது என்கிறான். எஜமான் அவனைப் புத்தியாய்ச் செய்தான் என்று மெச்சிக்கொள்கிறார். பொய்க் கணக்கைக் கர்த்தர் மெச்சுவாரா? விளக்கம் பல உண்டு. எனக்கு அன்றைக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவன் வேலையில் இருந்த நாளெல்லாம் அந்தச் சாவியால் யாருக்கும் சுமை குறைந்ததாகத் தெரியவில்லை. வேலை போகிறது என்று தெரிந்த கடைசி மணி நேரத்தில்தான் முதல்முறையாக உக்கிராணத்தைத் திறந்து வெளியே கொடுக்கிறான். பயத்தில்தான் செய்கிறான். ஆனாலும் கடன்பட்டவன் தோளில் பாரம் நிஜமாகவே இறங்குகிறது. இயேசு அதையும் ஒதுக்கிவிடவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கேட்கிறார்: "வேறொருவனுடைய காரியத்தில் நீங்கள் உண்மையாயிராவிட்டால், உங்களுக்குச் சொந்தமானதை உங்களுக்குக் கொடுப்பவர் யார்?"

அப்பாவின் வாக்கியம் அது. சரக்கு அவங்களுது.

அக்டோபரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. கேழ்வரகு, நிலக்கடலை, பூசணி, முட்டை, கோழி, ஒரு வெள்ளாட்டுக்குட்டி. ஆராதனைக்குப் பிறகு ஏலம். ஏலம் எனக்குப் பிடிக்கும். ஊரே சிரிக்கிற நாள் அது. ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகும், எடுத்தவர் அதையே திரும்பக் கொடுப்பார், மறுபடி ஏலம். ஆனால் ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பாட்டி தன் கொல்லையில் காய்த்த பூசணியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து வைத்தார். அதை ஒருவர் பெரிய தொகைக்கு எடுத்தார். கைதட்டல் எடுத்தவருக்கு. பாட்டி பின்வரிசையில் நின்று தன் பூசணி காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உபாகமம் இருபத்தாறில் முதற்பலன் கூடையைக் கொண்டுவருகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கூடையை வைத்துவிட்டுத் தன் கதையைச் சொல்ல வேண்டும்: என் தகப்பன் இடமில்லாமல் அலைந்தவன், எகிப்தில் அடிமையாக இருந்தோம், கர்த்தர் கொண்டுவந்து இந்த நிலத்தைக் கொடுத்தார். அப்புறம் லேவியனோடும் பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். பாட்டி அந்தப் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் எங்கிருந்து சுமந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஏலத்துக்கு முன்னால் கொண்டுவந்தவர்கள் ஒரு நிமிஷம் பேசட்டும் என்று சபைச் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

அதே மாதம் அண்ணன் ஓசூரிலிருந்து வந்தார். பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் மனை போடுகிறவர்கள் அவரிடம் பேசியிருக்கிறார்கள். "மரமும் போச்சு, வெலையும் போச்சு. வித்துட்டா ரெண்டு பேருக்கும் ஆகும்மா." அவர் சொன்னதில் தப்பில்லை. மரத்தைக் கெடுத்தவள் நான். அவரைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? ராத்திரி லேவியராகமம் இருபத்தைந்தை எடுத்தேன். "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்."

அறுதி என்ற சொல்லைப் பத்திர எழுத்தர்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன். அறுதிக் கிரயம். நிலத்துக்குப் பட்டா, பெயர், எல்லை என்று இன்று நமக்குப் பழகிப்போன ஏற்பாட்டுக்கும் எங்கள் மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து எங்கள் பகுதியான பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராகத் தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து உழவனோடு நேரே தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி என்ற அந்த முறை இங்கிருந்துதான் மதராஸ் மாகாணத்துக்குப் பரவியது. உழவன் பெயரை ஏட்டில் எழுதியது நல்லதுதான். ஆனால் ஏட்டில் என் பெயர் இருப்பதால் அதன் அடியில் இருக்கும் மண் என்னுடையது ஆகிவிடுமா? "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்று பாடிவிட்டுப் பதிவு அலுவலகத்தில் வேறு பாட்டுப் பாட முடியுமா? விற்கிற எல்லாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. கடன் கழுத்தை நெரிக்கிறவனுக்கு மீட்பு இருக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம்தான் சொல்கிறது. எங்கள் கழுத்தை எதுவும் நெரிக்கவில்லை.

காலையில் அண்ணனிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். மருந்து, நிபந்தனை எழுதாதது, வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகள், தசமபாகம். இது அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டிய கணக்கு. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மல்கோவாவைப் பாக்கலாம் வா" என்றார்.

காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம் வரைக்கும் வெட்டினோம். அந்த மழைக்கு மரங்களுக்கு நடுவே கொள்ளு விதைத்தோம். கொள்ளு மண்ணைத் தேற்றும். குத்தகைக்காரர்கள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். இந்த வருஷம் இல்லை என்று அனுப்பினேன். ஆகமன காலத்து மூன்றாம் ஞாயிறு மறுபடி வந்தது, டிசம்பர் 14. கோயிலில் வேறு பாடம் வாசித்தார்கள். நான் வீட்டில் கொரிந்தியர் நிருபத்தை வாசித்துவிட்டுப் போனேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு வராத கிறிஸ்தவர் எங்கள் ஊரில் குறைவு. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் முழங்காலில் நிற்கும்போது போதகர்கள் அடிக்கடி எடுக்கிற பகுதி லூக்கா பதின்மூன்றின் அத்திமரம். மூன்று வருஷமாகக் கனி தேடி வந்தவர், வெட்டிப்போடு, இது நிலத்தையும் ஏன் கெடுக்கிறது என்கிறார். தோட்டக்காரன் மன்றாடுகிறான்: "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்; நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்." எப்போதும் நான் அந்த மரம் நான்தான் என்று நினைத்து அழுவேன். எல்லாரும் அப்படித்தான் அழுகிறோம். இந்த முறை தோட்டக்காரனின் கையைத்தான் நினைத்தேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவன் சும்மா போகவில்லை. தன்மேல் வேலையை எழுதிக்கொள்கிறான். மண்வெட்டி, எரு, இன்னொரு வருஷத்து முதுகுவலி.

ஜனவரியில் ஆட்டுக்கிடை போட்டோம். இருநூறு ஆடு, ஐந்து ராத்திரி. மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி கொத்தினது நானும், கூலிக்கு வந்த இரண்டு பெண்களும். அவர்களில் ஒருத்தியின் பிள்ளைதான் அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்றவர்களில் ஒருவன் என்று வேலை நடுவில் தெரிந்தது. நான் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே அவள், "அவன் இப்ப எட்டாவது டீச்சர், மரம் ஏறவே வெக்கப்படறான்" என்று சிரித்தாள். கொள்ளு ஒன்றரை மூட்டை வந்தது. அளந்து பங்கு வைத்தோம்.

பிப்ரவரி 1. தவக்காலமான லெந்துக்கு முந்தின மூன்று ஞாயிறுகளில் முதலாவது. அப்பாவின் புத்தகத்தில் அன்றைக்கு இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் கதை. சாயங்காலம் வரைக்கும் சந்தையில் நின்று, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்றவர்களுக்கும், காலையிலிருந்து உழைத்தவர்களுக்குக் கொடுத்த அதே ஒரு பணம். வீட்டெஜமான் உக்கிராணத்தைத் தானே திறந்துவிட்ட நாள் அது. ஆராதனை முடிந்து சேலையோடேயே தோப்புக்குப் போனேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருந்தேன். மரம் மரமாக நின்று எழுதினேன். தை பாதி தாண்டிவிட்ட நேரம். இப்போது தளிர் விட்டிருக்கிற மரம் இந்தப் பருவத்தில் பூக்காது. ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். தோத்தாபுரியில் பாதி தளிர், பாதி பூ. நீலம் பரவாயில்லை. மல்கோவா நாலும் தளிர்தான். வெட்டின இடத்துக்குக் கீழே செம்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு. மொத்தம் 64-இல் பூத்தது 27.

அண்ணனுக்குப் போன் போட்டு நோட்டை வாசித்தேன். ஒவ்வொரு வரிசையாக, கிணற்றோரத்திலிருந்து.

"இருபத்தேழா" என்றார்.

"ஆமாண்ணா."

மறுமுனையில் பின்னால் பஸ் சத்தம் கேட்டது. "ஊறுகாய்க்காச்சும் ஆகுமா?"

"ஆகும்ணா. ஆனா உதிர்ந்த காயி நம்மளுது இல்ல. அது பசங்களுக்கு."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."